சிலம்பும் சில்லும்

  

எதிரணித் தங்கை பேசி முடித்தபோது நீங்களெல்லாம் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். என்ன கேட்டார்? "பால் வேண்டுமென்றால் பாக்கெட் வாங்கினால் போதும். மாடு எதற்கு வளர்க்க வேண்டும்? கம்ப்யூட்டர் சில்லும் அப்படித்தான். வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், நாமே எதற்கு வடிவமைக்க வேண்டும்?" என்றார். தங்கச்சி, கேள்வி நல்ல கேள்விதாம்மா. கேட்ட ஊர்தான் தப்பு. (சிரிப்பு) தொப்பம்பட்டிக்கு வந்து மாடு எதற்கு என்று கேட்டுவிட்டீர்களே! திரும்பிப் போகும்போது ஒவ்வொரு மாட்டுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் முதலிலேயே என்னைச் சீண்டினார். "தமிழ் வாத்தியாருக்கும் சில்லுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார். ஐயா, நான் டாக்டர் பட்டம் வாங்கியது சிலப்பதிகாரத்தில். சிலம்பு, சில்லு. மோனை சரியாகத்தானே இருக்கிறது? (சிரிப்பு) மோனை மட்டும் இல்லை, வேறொரு பொருத்தமும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்தச் சில்லு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். போன வாரம் வீட்டிலே உட்கார்ந்து பேச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். மனைவியைக் கூப்பிட்டு, "நம்ம வீட்டிலே மொத்தம் எத்தனை மூளை இருக்குதுன்னு எண்ணிப் பார்க்கலாமா?" என்றேன். அந்த அம்மா கேட்டாள்: "உங்களைச் சேர்த்தா, சேர்க்காமலா?" (பலத்த சிரிப்பு)

சேர்க்காமலே எண்ணினோம். துவைக்கிற இயந்திரத்தில் ஒன்று. டி.வி.யில் ஒன்று, அதன் ரிமோட்டில் ஒன்று. இன்டக்‌ஷன் அடுப்பில் ஒன்று. ஸ்கூட்டரில், கைபேசியில், பேரன் வைத்திருக்கிற பொம்மைக் காரில். இருபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டோம். இதில் இரண்டு சாதி உண்டு. நுண்செயலி என்பது ஒன்று, நுண்கட்டுப்படுத்தி என்பது இன்னொன்று. மைக்ரோ பிராசசர், மைக்ரோ கன்ட்ரோலர் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

நுண்செயலி யார் தெரியுமா? கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரர். கைவேகம் பிரமாதம். ஆனால் அரிசியை ஒருவர் அளந்து தர வேண்டும், பாத்திரம் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், பரிமாற நாலு பேர் வேண்டும். அதுபோல நுண்செயலிக்கு நினைவகம் தனியாக, உள்ளே வெளியே தகவல் கொண்டுபோக வேறு சில்லுகள் தனியாக வேண்டும். நுண்கட்டுப்படுத்தி அப்படியில்லை. தனியாக ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற கல்லூரிப் பையன் அவன். ஒரே அறை. அதிலேயே ஸ்டவ், அதிலேயே அலமாரி, அதிலேயே கதவு, ஜன்னல். ஆயிரம் பேருக்குச் சமைக்கச் சொன்னால் முடியாது. அவன் வயிற்றுக்கு அவன் பார்த்துக்கொள்வான். வாடகையும் குறைவு.

இந்தக் கல்லூரிப் பையன் தொப்பம்பட்டித் தோட்டத்திலேயும் இருக்கிறான். என் மனைவியின் தம்பிக்கு இந்தப் பக்கம்தான் காடு. போர் போட்டு முருங்கையும் மக்காச்சோளமும் வைத்திருக்கிறார். அதோ, நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முன்பெல்லாம் மும்முனைக் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்கு வந்தால், ஒரு மணிக்கு டார்ச் லைட்டோடு கிளம்ப வேண்டும். வரப்பிலே பாம்பு படுத்திருக்கும். இவர் பயந்ததைவிட என் மாமியார் பயந்தது அதிகம். பிறகு கைபேசி ஸ்டார்ட்டர் வந்தது. மோட்டார் ரூமில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள்ளே ஒரு சிம் கார்டு, ஒரு நுண்கட்டுப்படுத்தி. படுக்கையிலிருந்தே ஒரு மிஸ்டு கால், மோட்டார் ஓடும். மூன்று பேஸில் ஒன்று போனால் அதுவே நிறுத்தும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே சுற்றினால், காயில் கருகுவதற்கு முன்னால் அதுவே நிறுத்தும்.

2021-ஆம் வருஷம் அந்தப் பெட்டி செத்துப்போனது. ரிப்பேர்காரத் தம்பி கழற்றிப் பார்த்துவிட்டு, விரல்நகம் அளவிலே கறுப்பாக ஒன்றைக் காட்டினான். "அண்ணா, இதுதான் போச்சு. இந்தச் சில்லு இப்ப எங்கேயும் கிடைக்கலீங்க." விற்ற கம்பெனிக்கு ஃபோன் போட்டால் "அடுத்த வாரம் சார்" என்றார்கள். கம்பெனி பேர் வேண்டாம், எல்லாக் கம்பெனிக்கும் அந்த வருஷம் அதே கதிதான். இரண்டு மாதம் அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. மாப்பிள்ளை பழையபடி டார்ச் லைட்டை எடுத்தார். என்னைக் கேட்டார்: "ஏனுங்க மாமா, மோட்டாரு கோயமுத்தூர்ல பண்றாங்க, பைப்பு நம்மூர்ல கிடைக்குது, தண்ணி என்ற காட்டுல இருக்குது. நகத்துக்கண்ணு அளவு சாமானுக்கு எந்தத் தேசத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது?"

நடுவர் அவர்களே, இன்றைய பட்டிமன்றத் தலைப்பே அந்தக் கேள்விதான். (கைதட்டல்)

அந்த வருஷம் என்ன நடந்தது? கொரோனாவினால் உலகம் முழுக்கச் சில்லுத் தட்டுப்பாடு. பணம் கட்டியவர்கள் காருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். காரின் எஞ்சின் தயார், டயர் தயார், சில்லு இல்லை. போதாக்குறைக்கு, உயர்ந்த ரகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்கிற தைவான் தீவில் அதே 2021-இல் கடும் வறட்சி. சில்லைக் கழுவ ஏராளமான சுத்தத் தண்ணீர் வேண்டும். அங்கே அரசாங்கம் நெல் வயலுக்கான பாசனத்தை நிறுத்தி, நஷ்டஈடு கொடுத்து, தொழிற்சாலைக்குத் தண்ணீர் கொடுத்தது, லாரியிலும் ஏற்றினார்கள். தைவான் விவசாயிக்குத் தண்ணீர் நின்றது சில்லு செய்வதற்காக. என் மாப்பிள்ளைக்குத் தண்ணீர் நின்றது சில்லு கிடைக்காததால்!

எதிரணித் தங்கை உடனே குறித்துக்கொள்கிறார், தெரிகிறது. "அண்ணா, தண்ணீர் அவ்வளவு வேண்டுமென்றால் நம்மால் முடியுமா?" என்று கேட்பார். நியாயம். அதனால்தான் நான் 'செய்வது', 'வடிவமைப்பது' இரண்டையும் பிரிக்கச் சொல்கிறேன். வீட்டுக்கு வரைபடம் போடுவது வேறு, செங்கல் அடுக்குவது வேறு. செங்கல் இன்றைக்கு வேறொருவர் அடுக்கட்டும். வரைபடம் யாருடையது? இதை முதலில் தவறவிட்டது ஒரு ஜப்பான் கம்பெனி.

பிஸிகாம் என்று ஒரு கால்குலேட்டர் கம்பெனி. 1969-இல் அமெரிக்காவின் இன்டெல்லிடம் போய், எங்கள் கால்குலேட்டருக்குச் சில்லுகள் செய்து கொடுங்கள் என்றது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சில்லாகப் பல சில்லு கேட்டது. இன்டெல்லில் டெட் ஹாஃப் என்பவர், வேலைக்கு ஒரு ஆள் எதற்கு, சொன்னதைக் கேட்டு எந்த வேலையும் செய்கிற ஒரே ஆள் போதாதா என்று யோசித்தார். ஃபெடரிகோ ஃபாஜின் அதைச் சிலிக்கானில் வரைந்து முடித்தார். பிஸிகாம் அனுப்பிய மசடோஷி ஷிமாவும் கூட இருந்து உழைத்தார். 1971 நவம்பரில் வெளியே வந்தது 4004. உள்ளே 2,300 டிரான்சிஸ்டர். விற்பனைக்கு வந்த முதல் நுண்செயலி அது.

கேட்டது பிஸிகாம், பணம் கட்டியது பிஸிகாம். அதனால் உரிமையும் பிஸிகாமிடம்தான் இருந்தது. பிறகு கால்குலேட்டர் வியாபாரத்தில் போட்டி. விலையைக் குறையுங்கள் என்றது. இன்டெல் சொன்னது: "நீங்கள் கட்டிய 60,000 டாலரைத் திருப்பித் தருகிறோம், வேறு யாருக்கும் விற்கிற உரிமையை எங்களுக்குக் கொடுங்கள்." கொடுத்துவிட்டார்கள்! அவசரத்துக்கு விதை நெல்லை விற்ற கதை. 1974-இல் பிஸிகாம் திவாலானது. இன்டெல் என்ன ஆனது என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். (கைதட்டல்)

அதன் பிறகு 1976-இல் 8085, 1980-இல் 8051. நம் ஊர் பாலிடெக்னிக்கிலும் இன்ஜினீயரிங் கல்லூரியிலும் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த எண்கள் இவை. கம்பராமாயணத்தில் எத்தனை காண்டம் என்று கேட்டால் முழிப்பான், 8085-க்கு எத்தனை கால் என்றால் நாற்பது என்பான். (சிரிப்பு) தப்பில்லை. ஆனால் படித்ததெல்லாம் அடுத்தவர் வரைந்த வரைபடம். நன்றாகவும் படித்தான். 1993-இல் வந்த பென்டியத்தின் தந்தை என்று சொல்லப்படுகிற வினோத் தாம் யார்? புனேயில் பிறந்தவர். இன்றைக்கும் பெங்களூரிலும் சென்னையிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சில்லு வரைகிறார்கள். உழுவது நாம், பட்டா அவர்கள் பேரில்!

"வாங்கினால் நம்பி வாங்கலாம், பெரிய கம்பெனி தப்புச் செய்யாது" என்றார் எதிரணித் தம்பி. அந்தப் பென்டியத்தையே எடுத்துக்கொள்வோம். 1994-இல் அமெரிக்காவில் ஒரு கணக்குப் பேராசிரியர், தாமஸ் நைஸ்லி, கணக்குப் போட்டுப் பார்க்கிறார். சில எண்களை வகுத்தால் விடை தப்பாக வருகிறது! நாலாம் வகுப்புப் பையன் தப்பாக வகுத்தால் முட்டி போட வைப்போம். சில்லு வகுத்தது தப்பு. இன்டெல் மாற்றித் தர ஒத்துக்கொண்டு 47.5 கோடி டாலரைக் கணக்கில் ஒதுக்க வேண்டி வந்தது.

இன்னொன்று. 2018 ஜனவரியில் மெல்ட்டௌன், ஸ்பெக்டர் என்று இரண்டு ஓட்டைகள் வெளிச்சத்துக்கு வந்தன. எப்படிப்பட்ட ஓட்டை? நம்ம டீக்கடை மாஸ்டர் தினமும் வருகிற ஆள் தூரத்தில் வரும்போதே டீயைப் போட்டுவிடுவார், இல்லையா? வந்தால் நேரம் மிச்சம். வராவிட்டால் கீழே ஊற்றிவிடுவார். நவீன நுண்செயலியும் அப்படித்தான். அடுத்து என்ன கேட்பீர்கள் என்று ஊகித்து முன்கூட்டியே வேலையை முடித்து வைக்கும். அதனால்தான் அந்த வேகம். ஊகம் தப்பினால் ஊற்றிவிடும். ஆனால் ஊற்றிய பிறகும் டம்ளரிலே சூடு இருக்குமே! பக்கத்தில் நிற்கிறவன் டம்ளரைத் தொட்டுப் பார்த்தே யாருக்காக, எந்த டீ போட்டார் என்று கண்டுபிடித்துவிட்டால்? அதுதான் நடந்தது. ஊற்றிய வேலையின் சூட்டை அளந்தே, உள்ளே இருந்த ரகசியத்தை, பாஸ்வேர்டு வரைக்கும், எடுக்க முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அந்தச் சில்லுகள் வருஷக்கணக்காக உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தவை.

இப்போது என் சிலம்புக்கு வருகிறேன், நடுவர் அவர்களே.

மதுரையில் என்ன வழக்கு? வெளியிலிருந்து பார்த்தால் கண்ணகி சிலம்பும் அரசியின் சிலம்பும் ஒன்று. பொற்கொல்லன் சொன்னதைப் பாண்டியன் நம்பினான். உள்ளே என்ன பரல் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோவலன் தலை தப்பியிருக்கும். கண்ணகி வந்து உடைத்த பிறகுதான் தெரிந்தது, இதில் மாணிக்கம், அரசியுடையதில் முத்து. சில்லும் வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு. உள்ளே என்ன பரல்? விற்றவன் சொன்னதை நம்பி வங்கியில் வைக்கிறோம், மின்சார நிலையத்தில் வைக்கிறோம், ராக்கெட்டில் வைக்கிறோம். இந்த ஜில்லாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் எப்படி வந்தது? ஒரு பூட்டின் சாவி இன்னொன்றில் நுழையாது. கையால் லீவரை ராவிப் பொருத்திய ஆசாரிக்கு உள்ளே இருப்பது அத்தனையும் தெரியும். 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டுப் பூட்டுக்கு அவ்வளவு பார்க்கிற நாம், நாட்டுப் பூட்டுக்குப் பார்க்க வேண்டாமா? (நீண்ட கைதட்டல்)

"சரிய்யா, ஆசை இருக்கிறது, வழி இருக்கிறதா?" என்று நடுவர் கண்ணாலேயே கேட்கிறார். இருக்கிறதுங்க.

ஒவ்வொரு நுண்செயலிக்கும் ஒரு மொழி உண்டு. கூட்டு, கழி, எடு, வை என்று அது புரிந்துகொள்ளும் கட்டளைகள். அந்த மொழிக்கு இலக்கணம் யாரோ ஒரு கம்பெனியின் சொத்தாக இருந்தது. ஆர்ம் என்ற ஆங்கிலேயக் கம்பெனி பல வருஷம் சில்லே செய்யவில்லை. இலக்கணத்தையும் வரைபடத்தையும் வாடகைக்கு விடும். உங்கள் கைபேசிக்குள் இருப்பது அநேகமாக அந்த இலக்கணம்தான். யோசித்துப் பாருங்கள், நாம் தமிழில் ஒரு வாக்கியம் எழுதுகிற ஒவ்வொரு தடவையும் தொல்காப்பியர் குடும்பத்துக்கு ராயல்டி கட்ட வேண்டுமென்றால்? நான் இன்றைக்குப் பேசியதற்கே வீட்டை விற்க வேண்டியிருக்கும். (சிரிப்பு)

2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து ஒரு புது இலக்கணம் எழுதினார்கள். பெயர் ரிஸ்க்-ஃபைவ். யாருக்கும் வாடகை இல்லை. 32 பிட்டுக்கான அடிப்படைத் தொகுதியில் கட்டளைகள் நாற்பதே நாற்பது. தமிழ் எழுத்து 247-ஐ ஒண்ணாம் வகுப்பில் படித்த நமக்கு நாற்பது ஒரு பாரமா?

அந்த இலக்கணத்தில் நம்மவர்கள் எழுதியதுதான் 'சக்தி'. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியும் அவர் மாணவர்களும் வடிவமைத்த நுண்செயலிக் குடும்பம். வரைபடத்தைப் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று வெளியிட்டார்கள். உடைக்காமலே பரலைப் பார்க்கலாம்! 2018-இல் இரண்டு சில்லு. ஒன்றை அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் செய்து வாங்கினார்கள். பெயர் ரைஸ்கிரீக். இன்னொன்று ரிமோ, சண்டிகரை ஒட்டிய நம் அரசாங்க ஆலையில் 180 நானோமீட்டரில் செய்தது. 2020-இல் மௌசிக். பிள்ளையார் வாகனத்தின் பேர்! சின்ன வேலைகளைச் செய்யப் பிறந்த சில்லுக்கு மூஞ்சூறு பேர், எவ்வளவு பொருத்தம். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுக்காக 'ஐரிஸ்'. வடிவமைப்பு சென்னை, சில்லு சண்டிகர், உறை போட்டது கர்நாடகம், பலகை குஜராத், பலகையில் பொருத்தியது மறுபடியும் சென்னை. இஸ்ரோவின் 'விக்ரம் 3201' என்ற 32 பிட் நுண்செயலியும் சண்டிகர் ஆலையில் பிறந்ததுதான். 2024 டிசம்பரில் பி.எஸ்.எல்.வி. சி-60 பயணத்தில் விண்ணுக்குப் போய் வேலை செய்து காட்டியது.

எதிரணித் தம்பி சிரித்தார். "உலகம் 3 நானோமீட்டருக்குப் போய்விட்டது, நீங்கள் 180-இல் நிற்கிறீர்களே" என்றார். உண்மை. மறைக்க மாட்டேன். ஒரு மயிரிழையின் தடிமனில் சுமார் நானூறில் ஒரு பங்குதான் 180 நானோமீட்டர் என்றாலும், இந்தத் துறையில் அது தாத்தா காலத்து நுட்பம். கைபேசிச் சில்லோடு போட்டி போட முடியாது. அந்தச் சண்டிகர் ஆலையே 1984-இல் உற்பத்தியைத் தொடங்கி, 1989 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்து போனது. நாட்டுக்கே ஒரு அடுப்பு, அதுவும் போனது. திரும்பப் பற்ற வைக்க வருஷங்கள் ஆயின. அந்த நேரத்தில் தைவானும் கொரியாவும் எங்கேயோ போய்விட்டன. என் மனசுக்கு இந்தக் கதையிலேயே வலிக்கிற இடம் அதுதான்.

ஆனால் தம்பி, மோட்டாரை ஆன் செய்து ஆஃப் செய்ய 3 நானோமீட்டர் எதற்கு? வாழைத்தார் வெட்ட விமானமா வாங்குவோம்? ராக்கெட்டுக்கே பழைய நுட்பம் போதுமானதாக இருக்கிறது. மைனஸ் 55 டிகிரியிலிருந்து 125 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பதுதான் விக்ரமுக்குப் போட்ட பரீட்சை, ஓட்டப்பந்தயம் இல்லை. மீட்டர், ஸ்டார்ட்டர், மின்விசிறி, தராசு, இவைதான் கோடிக்கணக்கில் வேண்டும். அவை நம் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன.

"சீனாவில் பத்து ரூபாய்க்கு நுண்கட்டுப்படுத்தி கிடைக்கிறதே, அந்த விலைக்கு உங்களால் முடியுமா?" என்றும் கேட்டார். தம்பி, அந்தப் பத்து ரூபாய்ச் சில்லுகளில் சில எந்த இலக்கணத்தில் எழுதியவை தெரியுமா? இதே ரிஸ்க்-ஃபைவ்! வாடகையில்லா இலக்கணத்தை அவர்கள் நமக்கு முன்னால் கடைவீதிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நம்முடையது இன்னும் ராக்கெட்டிலும் ஆய்வுக்கூடத்திலும் இருக்கிறது. கடைவீதியில் பெரிதாகப் பரவவில்லை. அதைக் கடைக்குக் கொண்டுவரத்தான் என் அணி கேட்கிறது. (கைதட்டல்)

மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 1980-களில் அமெரிக்காவிடம் நாம் கேட்ட திறனுக்கு சூப்பர் கம்ப்யூட்டர் தர மறுத்தார்கள். 1988-இல் சி-டாக் தொடங்கி, 1991-இல் 'பரம் 8000' கம்ப்யூட்டரை நாமே நிறுத்திக் காட்டினோம். பெருமைதான். ஆனால் அதற்குள்ளே இருந்த நுண்செயலிகள் வெளிநாட்டுச் சரக்கு. கோயில் நாம் கட்டினோம், மூலவரை வெளியே வாங்கினோம். அந்தக் கருவறைக்குள்தான் இந்தப் பிள்ளைகள் இப்போது போயிருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். ஒரு நிமிஷம், நாலாவது வரிசையில் என் மாப்பிள்ளை எழுந்து போகிறார். அவரைத் தப்பாக நினைக்காதீர்கள், என் பேச்சு பிடிக்காமல் போகவில்லை. (சிரிப்பு) என்ன மாப்ளே? பேஸ் போயிடுச்சா? மோட்டார் நின்னுடுச்சாம். பெட்டி ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கிறது. போயிட்டு வாங்க மாப்ளே, டார்ச் லைட் எடுத்துக்குங்க!

 (பலத்த கைதட்டல்)